காட்டை அளந்து கொடுத்தவர்

வங்க நாவல் என்றதும் நம்மவரிற் பலர் தாகூரையும் சரத் சந்திரரையுமே நினைப்பர். அவ்விருவருக்கும் பின்வந்த தலைமுறையில் அந்நாட்டு நாவலைத் தாங்கி நின்றவர்கள் மூன்று பந்தோபாத்தியாயர்கள்: தாராசங்கர், மாணிக், விபூதிபூஷண். குலப்பெயர் ஒன்றாயினும் மூவரும் ஒரு குடும்பத்தினரல்லர். எழுத்தின் போக்கிலோ ஒருவருக்கொருவர் வெகுதூரம். இம்மூவருள் விபூதிபூஷணின் பெயர் உலகெங்கும் பரவியதற்குக் காரணம் சத்தியஜித் ராய் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பதேர் பாஞ்சாலி' என்னுந் திரைப்படம். அதனால் ஒரு தீங்கும் விளைந்தது. படத்தைக் கண்டவர்கள் விபூதிபூஷணைப் படித்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கின்றனர். அப்புவும் துர்க்காவும் புகைவண்டியைக் காண நாணற் காட்டினூடே ஓடுங் காட்சி கண்முன் நிற்க, அவர் எழுதிய மற்றொரு பெருநூல் அதன் பின்னால் மறைந்துவிடுகிறது. அந்நூல் 'ஆரண்யக்'. தமிழில் அதனை த. நா. சேனாபதி 'வனவாசி' என்னும் பெயரில் தந்துள்ளார். இவ்வாரம் அதனையும், அதனை எழுதியவரின் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்ப்போம். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் அந்நூலின் வேதனை விளங்காது.

விபூதிபூஷண் 1894ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆந் திகதி முராதிபூர் என்னும் ஊரில், தாயாரின் பிறந்த வீட்டிற் பிறந்தார். தந்தையாரின் ஊர் இச்சாமதி ஆற்றங்கரையிலுள்ள பாரக்பூர். கல்கத்தாவுக்கு அண்மையில், படைவீரர் முகாமாற் பெயர்பெற்ற பாரக்பூர் வேறு; இது மூங்கிற் புதர்களும் மாந்தோப்புகளும் சூழ்ந்த ஒரு சிற்றூர். தந்தை மகானந்தர் புரோகிதர், அதனோடு கதகருமாவர். கதகர் என்பார் ஊரூராகச் சென்று புராண இதிகாசக் கதைகளைப் பாட்டும் உரையுமாக விரித்துச் சொல்பவர். எமது கோயில்களிலே புராணத்துக்குப் பயன் சொல்வாரை ஒருவாறு ஒப்பிடலாம். அத்தொழிலிற் புகழ் கிடைத்ததேயன்றிப் பொருள் கிடைக்கவில்லை. பதேர் பாஞ்சாலியில் வரும் ஹரிஹரன் யார் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டுவதில்லை.

வறுமையோடு போராடிக் கல்கத்தா ரிப்பன் கல்லூரியிற் பயின்று 1918ஆம் ஆண்டில் விபூதிபூஷண் பட்டம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டில் கௌரி என்னும் பெண்ணை மணந்திருந்தார். மணமாகி ஏறக்குறைய ஓராண்டில், அதே 1918இல், அவள் இறந்துபோனாள். அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் மறுமணஞ் செய்துகொள்ளவில்லை. நாட்டுப்புறப் பாடசாலைகளில் ஆசிரியராயிருந்தார். 1922இல் முதற் சிறுகதை 'பிரவாசி' இதழில் வெளிவந்தது. இடையே ஒரு பசுப் பாதுகாப்புச் சங்கத்தின் பிரசாரகராகவும் ஊர்சுற்றினார். பசுக்கள் அதனாற் பெற்ற நன்மை எவ்வளவோ, வங்க இலக்கியம் பெற்ற நன்மை பெரிது: கிழக்கு வங்கத்தையும் அரக்கான் எல்லைப்புறத்தையும் பிறர் செலவிலே கண்டுவந்தார்.

1924ஆம் ஆண்டில் அவருக்கு வாய்த்த உத்தியோகமே எமது கட்டுரைக்கு முக்கியமானது. கல்கத்தாச் செல்வர்களான கோஷ் குடும்பத்தினருக்குப் பீகாரில், பாகல்பூரைச் சார்ந்து, கங்கைக்கு அப்பாலும் பரந்துகிடந்த காட்டு நிலங்கள் இருந்தன. அந்த ஜமீனின் உதவி மானேஜராக விபூதிபூஷண் அனுப்பப்பட்டார். வேலை என்னவெனின், காட்டைப் பங்கிட்டுக் குடியானவர்களுக்குக் குத்தகைக்கு விடுதல். அவர்கள் வெட்டித் திருத்திய நிலத்துக்கு வாரம் தண்டுதல். கணக்கைக் கல்கத்தாவுக்கு அனுப்புதல். குதிரையேறக் கற்றுக்கொண்டார். நிலவிரவுகளிலே மனித சஞ்சாரமற்ற புல்வெளிகளினூடே தனியே சவாரி செய்தார். நாட்குறிப்பும் எழுதிவந்தார்.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். இவ்வாறு காட்டின் நடுவே வாழ்ந்த காலத்தில் அவர் எழுதியது காட்டைப் பற்றியன்று. 1925 முதல் 1928 வரை, பாகல்பூரில் இருந்துகொண்டு, தாம் விட்டுவந்த வங்காளக் கிராமத்தை எழுதினார். அதுவே பதேர் பாஞ்சாலி. முதற்பிரதியில் துர்க்கா என்னும் அக்காள் இருக்கவேயில்லை. பாகல்பூரில் ஒருநாள், காற்றிலே தலைமயிர் பறக்க நின்ற ஓர் ஏழைச் சிறுமியைக் கண்டதாகவும், அவளில்லாமல் அந்நூல் நிறைவுறாதென்று தோன்றியதாகவும், அதனால் முழுவதையும் திருப்பி எழுதியதாகவும் அவரே பின்னாளிற் கூறியுள்ளார். அந்நாவல் 1928இல் 'விசித்ரா' இதழிலே தொடங்கி, 1929இல் நூலாயிற்று. தமிழில் அதனை மொழிபெயர்த்தவர் 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரம். கொங்குநாட்டு மண்ணை எழுதிய கை இச்சாமதிக் கரையையும் எழுதியது பொருத்தமே.

பின்பு காட்டைவிட்டுக் கல்கத்தாவுக்கு வந்து மீண்டும் பள்ளிக்கூடத்து ஆசிரியரானார். ட்ராம் வண்டிகளின் இரைச்சலுக்கிடையே அமர்ந்து, அப்பொழுதுதான் காட்டை எழுதினார். எழுத வேண்டுமென்னும் எண்ணம் 1928இலேயே நாட்குறிப்பிற் காணப்படுகிறது. எழுதியதோ ஒன்பது ஆண்டுகள் கழித்து. பிரவாசியில் 1937 முதல் 1939 வரை தொடராக வந்தது. இருக்கும் இடத்தை இவரால் எழுத இயலவில்லை. இழந்த இடமே எழுத்தாயிற்று. ஆனால் ஊரை இழந்ததற்கும் காட்டை இழந்ததற்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஊர் தானாகத் தேய்ந்தது. காட்டை அழித்ததில் இவருக்கும் ஒரு கை இருந்தது.

நாவலின் கதை மிகச் சிறிது. சத்தியசரண் என்னும் பட்டதாரி கல்கத்தாவில் வேலையின்றித் திரிகிறான். பழைய கல்லூரித் தோழன் ஒருவன் தன் குடும்பத்துக்குச் சொந்தமான காட்டு ஜமீனுக்கு அவனை மானேஜராக அனுப்புகிறான். லப்டூலியா, நாடா பைஹார், பூல்கியா பைஹார் என்று விரிந்த பல்லாயிரம் பிகா நிலம். முதற் சில வாரங்கள் தனிமை தாங்காமல் ஓடிப்போகவே நினைக்கிறான். காலஞ் செல்லச் செல்ல, காடு அவனைப் பிடித்துக்கொள்கிறது. ஆறேழு ஆண்டுகளில் அக்காடு முழுவதையும் தன் கையாலேயே குடியேற்றத்துக்கு ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறான். இவ்வளவே. சூழ்ச்சியில்லை, காதற் போட்டியில்லை, திடீர்த் திருப்பமில்லை. மர்மக் கதை விரும்புவோர் பத்தாம் பக்கத்திலே நூலை மூடிவைப்பர். அவர்களைக் குற்றஞ் சொல்ல மாட்டோம்.

நூலை நிறைப்பவர்கள் மனிதர்கள். காடென்றால் மரமும் மலரும் நிலவுமே என்று எண்ணித் தொடங்கும் வாசகன், சில அத்தியாயங்களிலேயே பசி என்றால் என்ன என்பதைக் காண்கிறான். அந்நிலத்திற் சோறு அபூர்வம். கலாய்ச் சத்துமாவும் சோளமும் காட்டுப் புல்லின் தானியமுமே ஆகாரம். கச்சேரியில் விருந்து என்றறிந்து, அழைக்கப்படாத ஏழைகள் கொட்டும் மழையிலே நெடுந்தூரம் நடந்து வருகின்றனர். அவர்கள் முன் வைக்கப்படுவது புல்லரிசியும் வெல்லமும் புளித்த தயிரும். அதையே அமுதமென உண்டு மகிழ்கின்றனர். கச்சேரிச் சேவகன் ஒருவனுக்கு வாழ்க்கையின் பேராசை ஓர் இரும்புத் தாச்சி. இரும்பாயின் உடையாது, அதிலேயே சமைக்கலாம், அதிலேயே உண்ணலாம், எங்கே போனாலும் கொண்டுபோகலாம் என்று அவன் மானேஜரிடம் விளக்குகிறான். சில அணாக்களுக்கு வாங்கக்கூடிய அப்பொருளை அவன் நெடுநாளாக வாங்க முடியாமலே இருந்திருக்கிறான். தாச்சி கையிற் கிடைத்த நாளில் அவன் முகத்திற் கண்ட மகிழ்ச்சியைப் படிக்கும் எவரும் தம் வீட்டு அடுக்களையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பர்.

குந்தா என்பவளைப் பற்றிய பகுதி இன்னுங் கூர்மையானது. வட்டிக்குக் கொடுத்துச் செல்வாக்கோடு வாழ்ந்த ஒரு ராஜபுத்திரனின் விதவை அவள். கணவன் இறந்தபின் எல்லாம் போயிற்று. எலும்பை உறைவிக்கும் குளிர்கால இரவிலே கச்சேரிக் கிணற்றருகில் இருளில் நின்று, மானேஜர் உண்டு எழுந்தபின் மிஞ்சும் சோற்றைப் பெற்றுப் பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்கிறாள். தான் உண்ணும்பொழுது ஒருத்தி வெளியே காத்து நிற்கிறாள் என்பதைச் சத்தியசரண் தற்செயலாகவே அறிகிறான். விபூதிபூஷண் இவ்விடத்திலே கண்ணீர் விடுவதில்லை. யார் நின்றாள், எங்கே நின்றாள், எவ்வளவு குளிர் என்பதை மட்டுமே சொல்கிறார்.

தாவ்தால் சாகு என்றொரு வட்டிக்காரனும் வருகிறான். வங்க நாவலிலும் தமிழ் நாவலிலும் வட்டிக்காரன் என்றால் கொடியவன் என்பது எழுதாத விதி. இவனோ அழுக்குத் துணியுடுத்து, மரநிழலிற் சத்துமா பிசைந்து தின்பவன். காலாவதியாகிப்போன கடன் சீட்டுகளைக் கட்டாக எடுத்து, இவை இனி எதற்கு என்று கிழித்தெறிபவன். இத்தகைய மனிதர்களைக் கற்பனையாற் படைத்தல் அரிது; கண்டிருக்க வேண்டும்.

இனி நூலின் முள் எதுவென்று பார்ப்போம். மானேஜரின் கடமை காட்டை விளைநிலமாக்குதல். ஆற்றினால் அடித்துச் செல்லப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்து மேலெழுந்த நிலம் அது. முன்னே அங்கு உழுதவர்கள் திரும்பி வந்து கேட்கின்றனர். அவர்களுடைய உரிமை சட்டப்படி அற்றுப்போயிற்று என்கிறது ஜமீன். புதிய குடிகளாயின் முன்பணமும் கூடுதல் வாரமும் கிடைக்குமன்றோ! ஆகவே அநீதி முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. சத்தியசரண் அதனை அறிந்தே கையொப்பமிடுகிறான். ஒருபுறம் கல்கத்தாவிலிருந்து, விரைவிற் குடியேற்றுக என்னும் கடிதங்கள். மறுபுறம் நிலமற்ற கங்கோதா மக்கள் காணித்துண்டு வேண்டி வந்து நிற்கின்றனர். நடுவே, உலகில் வேறெங்கும் இனிக் காணமுடியாத ஒரு காடு.

அக்காட்டில் யுகள்பிரசாத் என்றொருவன் உள்ளான். வேலை வெட்டி எதிலும் ஊக்கமில்லாதவன். ஆனால் எங்கெங்கோ அலைந்து அரிய பூச்செடிகளின் விதைகளைக் கொண்டுவந்து சரஸ்வதி குண்டி என்னும் ஏரிக்கரையில் நட்டுவைக்கிறான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே விடை தெரியாது. அவன் நிலமுமன்று, அவனுக்கு அதனால் ஒரு காசு வருவாயுமில்லை. சத்தியசரண் அவனோடு சேர்ந்துகொண்டு, ஏரிக்கரைக் காட்டை மட்டுமாவது இயன்றவரை குத்தகைக்குக் கொடாமல் தள்ளிப்போடுகிறான். நீர்வளம் உள்ள இடமாகையால் குடியானவர்களின் கண்ணெல்லாம் அங்கேயே இருக்கிறது. ஜமீனின் சம்பளத்தில் இருந்துகொண்டு ஜமீனின் வருவாயைத் தடுக்கும் இந்தச் சிறு துரோகமே நாவலின் மிக இனிய பகுதி.

வகுப்பில் இந்நூலைப் பற்றிப் பேசியபோது மாணவர் ஒருவர் எழுந்து, "அவ்வளவு வேதனை உடையவன் வேலையை விட்டுப் போயிருக்கலாமே, ஐயா?" என்றார். நல்ல கேள்வி. அவன் போயிருந்தால் அடுத்த வாரமே இன்னொரு மானேஜர் வந்திருப்பான். அவனுக்குச் சரஸ்வதி குண்டி வெறும் பிகாக் கணக்கு. ஆனால் இது முழு விடையன்று. தம் தொழிலின் அநீதியை அறிந்தோர் எல்லோரும் சொல்லும் சாட்டும் இதுவே. விபூதிபூஷண் இந்தச் சாட்டைச் சொல்லித் தப்பிக்கவில்லை என்பதே எமக்கு மதிப்பைத் தருகிறது. நூலின் முகப்பிலேயே, கல்கத்தாக் கோட்டை மைதானத்தருகே அமர்ந்து பழைய நாட்களை நினைக்கும் சத்தியசரண், அந்த வனத்தைத் தன் கையாலேயே அழித்ததை ஒப்புக்கொள்கிறான். முடிவிலும் வனத்தின் ஆதி தேவதைகளிடம் மன்னிப்பு வேண்டுகிறான். ஆயினும், புறப்படும் நாளில் திரும்பிப் பார்க்கும்பொழுது அவன் கண்ணிற் படுபவை விளைந்த வயல்களும் குழந்தைகளின் சிரிப்பொலியுமே. குந்தாவுக்கு முன்பணமின்றி நிலங்கொடுத்தவனும் அவனே. காடு வெட்டப்படாதிருந்தால் அவள் இன்னும் கிணற்றடியிலேயே நின்றிருப்பாள். நாவலாசிரியர் இந்த முடிச்சை அவிழ்க்க முயலவில்லை. அவிழ்த்திருந்தால் நூல் ஒரு பிரசாரமாய்ப் போயிருக்கும்.

காட்டெருமைகளுக்கு ஒரு தெய்வம் உண்டென்று அப்பக்கத்து மக்கள் நம்புகின்றனர். டாண்ட்பாரோ என்பது அதன் பெயர். வேடர் வெட்டிய குழியை நோக்கி எருமைக் கூட்டம் வருகையில், கையை உயர்த்தி வழிமறித்து நிற்குமாம். பல ஆண்டுகளுக்குப் பின் கல்கத்தாவில் பாரவண்டி இழுக்கும் எருமையொன்று சாட்டையடி படுவதைக் காணும் சத்தியசரணுக்கு அத்தெய்வத்தின் நினைவு வருகிறது. இந்த நகரத்தில் அது எங்ஙனம் வரும்?

தோப்ரூ பன்னா என்னும் சாந்தால் அரசனைக் காணச் செல்லும் அத்தியாயங்கள் தனியே வைத்துப் படிக்கத்தக்கன. தொண்ணூறு வயது கடந்த அந்த அரசன் மரத்தடியில் இருந்து மாடு மேய்க்கிறான். அவனுடைய முன்னோர் அம்மலைநாட்டை ஆண்டவர்கள். பெரியதோர் ஆலமரத்தின் கீழே அவர்களுடைய இடுகாடு. வென்றோர் எழுதிய வரலாற்றிலே தோற்றோருக்கு இடமில்லை என்பதைப் பட்டதாரியாகிய சத்தியசரண் முதன்முறையாக அங்கே உணர்கிறான். அரசனின் கொள்ளுப்பேத்தி பானுமதி. அவளை மணந்து அங்கேயே தங்கிவிட்டால் என்ன என்று ஒருகணம் எண்ணவுஞ் செய்கிறான். அவளிடம், பாரதவர்ஷம் என்னும் பெயரைக் கேட்டிருக்கிறாயா என்று வினவுகிறான். கேட்டதில்லை என்று தலையசைக்கும் அவள், அது எந்தப் பக்கம் இருக்கிறதென்று வினவுகிறாள். 1939இல், விடுதலைப் போராட்டம் கொந்தளித்த காலத்தில், ஒரு வங்காளி எழுத்தாளர் இந்த உரையாடலை அமைதியாக எழுதி வைத்தாரென்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும்.

இவர் மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு. வறுமையை அழகாக்கிக் காட்டுகிறார், காரணங்களைத் தேடுவதில்லை என்பது. ஓரளவு உண்மையே. நாடு கொந்தளித்த காலத்தில் நிலவையும் கொடியையும் பாடிக்கொண்டிருந்தார் என்று இளையோர் எண்ணியதில் வியப்பில்லை. பத்மா நதி மீனவரை எழுதிய மாணிக் பந்தோபாத்தியாயரிடம் உள்ள கொதிப்பு இவரிடமில்லை. ஆரண்யக்கிலும் வருணனை அளவுக்கு மிஞ்சும் இடங்கள் பல. ஆனால் 'அசனி சங்கேத்' படித்தோர் இக்குற்றச்சாட்டை முழுதாக ஏற்கமாட்டார்கள். முப்பது இலட்சம் வரையான உயிர்களைக் கொண்டதாகக் கணக்கிடப்படும் 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைப் பற்றியது அந்நாவல். அதிலே பட்டாளமில்லை, கூட்டமில்லை, கோஷமில்லை. ஒரு கிராமத்தில் அரிசி விலை ஏறுகிறது; பின்பு கடையிலே அரிசி இல்லை; பின்பு வீட்டிலே இல்லை; பின்பு ஒருத்தி பாதையோரத்தில் இறந்து கிடக்கிறாள். இதுவும் நடக்கக்கூடுமா என்று ஊரார் திகைத்து நிற்கின்றனர். ராய் இதனையும் 1973இற் படமாக்கினார்.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர் படிக்கவேண்டிய நூல் ஒன்றும் உண்டு. 1942இல் வந்த 'அனுவர்த்தன்' கல்கத்தாப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆசிரியர்களைப் பற்றியது. காலந் தவறிவரும் சம்பளம், மாலையில் வீடுவீடாக ஓடிச் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள், ஆசிரியர் அறையின் சிறு பொறாமைகள் எல்லாம் அதில் உள்ளன. சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்கினோம். நடுவிற் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்லாதிருத்தல் எமது தொழில் மரியாதைக்கு நல்லது!

1940இல் விபூதிபூஷண் ரமாதேவியை மணந்தார். பின்பு சொந்த ஊருக்கே மீண்டு, அருகிலுள்ள கோபால்நகர்ப் பாடசாலையில் இறுதிவரை ஆசிரியராயிருந்தார். விடுமுறைகளைக் காடும் குன்றும் சூழ்ந்த காட்சீலாவிற் கழித்தார். அங்கேயே 1950ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, ஐம்பத்தாறாம் வயதில் காலமானார். ஊராற்றின் பெயரால், அவுரித் தோட்ட வெள்ளையர் காலத்தைப் பொருளாகக் கொண்டு எழுதிய 'இச்சாமதி' நாவலுக்கு ரவீந்திர விருது கிடைத்தபொழுது அவர் உயிரோடில்லை. பதேர் பாஞ்சாலித் திரைப்படத்தையும் அவர் காணவில்லை. அதனை எடுக்க ராய்க்கு இசைவு கொடுத்தவர் ரமாதேவியே.

ஒரே மகன் தாராதாஸ் பிறந்தது 1947இல். தந்தை இறந்தபொழுது அவருக்கு மூன்று வயது. பதேர் பாஞ்சாலியின் தொடர்ச்சியான 'அபராஜிதோ'வின் முடிவில், அப்பு தன் சிறுமகன் காஜலைச் சொந்தக் கிராமத்தில் விட்டுவிட்டுத் தொலைதேசம் போகிறான். அந்தக் காஜல் பின்னர் என்னவானான் என்பதைத் தாராதாஸ் வளர்ந்தபின் தாமே ஒரு நாவலாக எழுதினார். 'காஜல்' என்றே அதற்குப் பெயரிட்டார்.